பிடியரிசியில் ஓடிய பஸ்

“எல்லாரும் கண்ணை மூடுங்க. நல்லா இறுக்கி மூடுங்க.”

எங்கள் சபை உபதேசியார் சொன்னதும் வேதக்கோயில் முழுவதும் கண்ணை மூடியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆசீர்வாதம் சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தரையின் ஈரம் பாய் வழியாக ஏறி என் சேலை வரைக்கும் வந்துவிட்டது. யாரோ ஒருத்தர் குடையை மடக்காமலே உள்ளே கொண்டுவந்து வைத்திருந்தார். அது சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“பஸ் பானைக்குப் பிடியரிசி போடாம விட்டவங்க, ஒரு நாள் விட்டாலும் சரி, கையைத் தூக்குங்க. நான் ஒருத்தன்தான் பாப்பேன். பேரு வெளியே சொல்ல மாட்டேன்.”

எனக்கு இடது பக்கம் என் தங்கச்சி லீதியாள் இருந்தாள். பதினேழு வயது. நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி ஃபாரம். பரீட்சைக்கு மூன்று மாசம் இருந்தது. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ் போன திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. அது திரும்ப வந்தால் இவள் பரீட்சை எழுதுவாள், டீச்சர் ஆவாள். வராவிட்டால் வீட்டோடு இருப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் கையைத் தூக்கினேன். வலது கையை. இடது கையைத் தூக்கினால் அவள் தோளில் உரசும் என்று எனக்குத் தெரியும். கர்த்தருக்கு முன்னால் உண்மை சொல்லும்போதுகூட அந்த யோசனை இருந்தது பாருங்கள்.

ஏன் தூக்கினேன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பக்கத்தில் என் மாமியாரைப் பற்றி எழுதியதற்கு மூன்று பேர் கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் அவர்கள் தாராளமாக என்மேல் கோபப்படலாம்.

குடை ஒரு பஸ்ஸில், அம்மை ஒரு பஸ்ஸில்

எங்கள் ஊர் தக்கலைப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே. வயல், தோப்பு, நடுவில் ஒரு வண்டிப் பாதை. மெயின் ரோட்டில் அப்போது பஸ்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் இரண்டு முதலாளிமார்களின் வண்டிகள். ஒருத்தன் டிக்கெட் கூலியைக் குறைத்தால் மற்றவன் அதிலும் பாதி கேட்பான். இவன் வெற்றிலை கொடுத்தால் அவன் சர்பத் கொடுப்பான்.

ஒரு தடவை எங்கள் பாதை மெயின் ரோட்டில் சேரும் முக்கில் நின்ற எங்கள் அம்மையை இரண்டு பஸ் ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அம்மையின் குடை முன் பஸ்ஸில் போயிற்று, அம்மை பின் பஸ்ஸில் போனாள். “எனக்க குடை போச்சே, பாவி மக்கா!” என்று அவள் தக்கலை வரைக்கும் அலறியிருக்கிறாள். அதை நினைத்து நாங்கள் வருஷக்கணக்காகச் சிரித்தோம்.

அந்தக் கூத்து அதிக நாள் நிற்கவில்லை. ஒரு முதலாளி கடனில் மூழ்கி வண்டிகளை மற்றவருக்கே விற்றுவிட்டார். அதோடு வெற்றிலையும் இல்லை, சர்பத்தும் இல்லை. கூலி ஏறிற்று. பஸ்ஸுக்குக் குறித்த நேரம் என்பதே போய்விட்டது. தக்கலையில் ஆள் நிறைந்தால்தான் வண்டி எடுப்பார்கள். நிறைந்த வண்டி எங்கள் முக்கில் எதற்கு நிற்கும்?

லீதியாள் வகுப்பில் எப்போதும் முதல். ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்து, பக்கத்து ஊர் மிடில் ஸ்கூலும் நடந்தே போய் முடித்துவிட்டாள். மேலே படிக்க நாகர்கோவில்தான். போர்டிங்கில் சேர்க்க அப்பாவுக்கு வகையில்லை. அவர் கொத்தவேலை செய்கிறவர். பஸ்ஸில் போய் வரட்டும் என்று ஒரு வாரம் அவரே காலையில் மூன்று மைல் அவளோடு நடந்தார். அந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு நாள்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

“போதும் மக்கா,” என்றார் அப்பா. “வேலைக்கும் போகாம உனக்க கூட எத்தனை நாள் நான் ரோட்டுல நிக்கதுக்கு?”

அவள் அழவில்லை. புஸ்தகத்தை எடுத்து அரிசிப் பெட்டி மேல் வைத்தாள். அரிசி எடுக்கப் போகிறபோதெல்லாம் அம்மைக்கு அது இடித்தது. அம்மைதான் உபதேசியாரிடம் போய்ச் சொன்னாள்.

எட்டு டிக்கெட்

உபதேசியார் குள்ளமான மனுஷர், பிடிவாதக்காரர். முதலாளியைப் பார்க்க நான்கு தடவை நடந்தார். நான்காம் தடவை முதலாளி சொன்னாராம்: “உபதேசியாரே, வண்டி பெட்ரோல்ல ஓடுகு. ஜெபத்துல ஓடாது. காலம்பற எட்டு டிக்கெட்டுக்கு உறுதி சொல்லும். எனக்க வண்டி உம்ம கோயில் நடையில வந்து திரும்பும்.”

தினமும் காலையில் எட்டுப் பேர் எங்கள் ஊரிலிருந்து எங்கே போக? லீதியாள் போவாள். லேஸ் பின்னிக் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள் ஒன்றிரண்டு பேர், சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு என்று எப்போதாவது ஒருத்தர். நாலு தேறும், ஐந்து தேறும். மிச்சச் சீட்டுக்கு யார் கூலி கொடுப்பது?

அப்போதுதான் பிடியரிசி ஞாபகம் வந்தது. எங்கள் சபை வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவோம். அது கர்த்தருக்கு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டி, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எங்கள் கோயிலுக்கு ஓடு போட்டதே அந்த அரிசியில்தான். ஓடு போட்டு முடிந்த சமயம் அது. இனி இன்னொரு பிடி, பஸ்ஸுக்கு என்று உபதேசியார் சொன்னார். வீட்டுக்கு வீடு ‘பஸ் பானை’ என்று ஒன்று வந்தது. காலியாகப் போகிற சீட்டுக்கு அந்த ஏலக்காசு.

நான் அப்போது கல்யாணமாகி, அதே ஊரில் நாலு வளவு தள்ளி இருந்தேன். மாதர் சங்கத்துக்குக் காரியதரிசி. வீடு வீடாகப் போய் அரிசி வாங்குவது என் வேலை.

முதல் நாள் பஸ் வந்தபோது ஊரே கோயில் நடையில் நின்றது. பெட்ரோல் வாசனையை மூச்சை இழுத்து இழுத்துப் பிடித்தோம். டிரைவர் வேலப்பன் ரப்பர் ஹாரனை அமுக்கினான். உபதேசியார் வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. லீதியாள் டிரைவருக்குப் பின்னால் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நீலப் பாவாடை, எண்ணெய் தடவி இறுக்கிய சடை. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பஸ் நின்றுவிடும் என்று பயந்தாளாம்.

காலையில் கொண்டுபோய் சாயங்காலம் கொண்டுவந்து விடும். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடிற்று.

வண்டி யாருக்க வண்டி?

வழக்கம் வந்தால் வம்பும் வந்துவிடுமே. பொன்னம்மை என்று ஒருத்தி இருந்தாள். அய்யாவழிக்காரி. புருஷன் இல்லை. தினமும் ஒரு கூடை மரச்சீனிக் கிழங்கும் வாழைக்காயும் சந்தைக்குக் கொண்டுபோவாள். கூடையை வண்டி மேல் ஏற்றி, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, டிக்கெட்டுக்கு உள்ள சக்கரக் காசை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பாள். அவளைப் போல சபையில் சேராதவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு.

சங்கக் கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பிற்று. “நம்ம வயித்துல உள்ளதைப் பிடிச்சுப் போட்டு வண்டி வரவழைக்கோம். அவ ஒரு மணி அரிசி போடல்ல. ராணி மாதிரி ஏறிப் போறா!” இதைச் சொன்னவள் ஞானப்பூ. எங்கள் அடுத்த வீட்டுக்காரி, வாய் நீளம். ஆனால் அவள் சொன்னபோது நாங்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினோம்.

அரிசி போடாத வீட்டுக்கு பஸ் இல்லை என்று தீர்மானம் எழுதியது நான்தான். வேலப்பனிடம் பேர்ப்பட்டியல் கொடுத்ததும் நான்தான்.

அவன் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எக்கா, காசு தந்து ஏறுக ஆளை இறக்கிட்டு வெறும் பெஞ்சை ஏத்திட்டுப் போகச் சொல்லுதியளா?”

“எங்க அரிசியில ஓடுக வண்டி,” என்றேன்.

பொன்னம்மை கூடையோடு வந்தாள். வேலப்பன் என்னைக் கை காட்டினான்.

“ஏன் பிள்ளே, பாதை எல்லாருக்கும் பொதுதானே?” என்று கேட்டாள்.

“பாதை பொது. வண்டி எங்க சபைக்குள்ளது.”

“செரி. வெறும் பெஞ்சுக்குப் பிடியரிசி போடுங்கோ,” என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் அப்பாவுடைய அப்பா காலத்தில் சில வழிகளில் எங்கள் ஆட்கள் நடக்கக் கூடாது. தூரத்தில் ஆள் வந்தால் வயலில் இறங்கி நிற்க வேண்டும். அந்தக் கதையை அவர் சொல்லச் சொல்லப் பல்லைக் கடித்துக் கேட்டவள் நான். எனக்கு ஒரு பஸ் கிடைத்ததும் நானும் அதையேதான் செய்தேன்.

பாதையில் பத்துப் பேர் நடந்தாலும் பதினோராவது ஆளுக்கு வழி உண்டு. நிறைந்த பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் நீ நிற்க வேண்டியதுதான், அது வேறே. எங்கள் பஸ் நிறையவே இல்லையே! பாதி பெஞ்சு காலி. பொன்னம்மை உட்கார்ந்தால் யாருக்கு என்ன குறைந்தது? அவள் கொடுத்த கூலியும் எட்டில் ஒன்று. அவளையும் மற்ற இரண்டு பேரையும் இறக்கிவிட்ட மறுநாளிலிருந்து அந்த மூன்று சீட்டுக்கும் எங்கள் அரிசியே போயிற்று. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு மாசம் பிடித்தது. அத்தனை புத்திசாலிகள்.

மரச்சீனி நாட்கள்

அந்த வருஷம் ஆடியில் பிடித்த மழை விடவில்லை. அப்பாவைப் போன்றவர்களுக்கு வேலை இல்லை. அரிசி விலை ஏறிற்று. வீடுகளில் மரச்சீனி வெந்தது. காலையில் மரச்சீனி, மத்தியானம் மரச்சீனி, தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகு.

இங்கேதான் எங்களுக்கு ஒரு நல்ல சாக்கு அகப்பட்டது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுக்க வேண்டும் என்பதுதானே முறை? அரிசியே போடாத நாளில் எதை எடுக்க? மரச்சீனி வேகிற நாளுக்குப் பிடியரிசி கிடையாது. யாரும் கூடிப் பேசவில்லை, தீர்மானம் போடவில்லை. ஒவ்வொருத்தியும் அவளவள் அடுப்படியில் இதைக் கண்டுபிடித்தாள்.

பஸ் மரச்சீனி நாளிலும் ஓடிற்று என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன!

என் கதை அதைவிட மோசம். எங்கள் வீட்டில் அரிசி இருந்தது. என் வீட்டுக்காரருக்கு மாசச் சம்பளம். சோறு பொங்கிய நாளிலும் நான் பஸ் பானையைத் தொடாமல் விட்டேன். முதல் நாள் மறதி என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், ஊரில் இத்தனை வீடு போடுகிறதே, என் ஒரு பிடியிலா பஸ் ஓடப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நினைக்கவும் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பொறாமை. என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எனக்கும் கணக்கு நன்றாக வரும். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் நிற்க, என் அரிசியில் பஸ் ஏறி அவள் இங்கிலீஷ் படிக்கப் போகிறாள். சாயங்காலம் வந்து, “எக்கா, இன்னைக்கு என்ன படிச்சோம் தெரியுமா?” என்று ஆசையாகச் சொல்ல வருவாள். எனக்கு எரியும். அவள் படிப்பு நின்றுபோக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. கொஞ்சம் தடுக்கி விழட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

ஏலத்துக்கு வருகிற அரிசி குறைந்துகொண்டே வந்தது. அம்மை வீட்டுப் பை மட்டும் எப்போதும் போல நிறைந்து வரும். உபதேசியார் தன் சம்பளத்தைப் போட்டு இரண்டு மாசம் சமாளித்தார். பிறகு அவராலும் முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை.

லீதியாள் கோயில் நடையில் புஸ்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு நின்றாள். மழை. செவ்வாயும் நின்றாள். புதனும் நின்றாள். “ஏட்டி, வராத வண்டிக்கு என்னத்துக்கு நனையிய?” என்று நான் கேட்டேன். “ஒருவேளை வந்தா, நான் நிக்கல்லேன்னா போயிருமே எக்கா,” என்றாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் நின்றாள்.

கண்ணைத் திறந்தேன்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வலது கையைத் தூக்கிக்கொண்டு இருந்தேனா? என் ஒருத்தியால்தான் பஸ் நின்றது என்று நினைத்தேன். இன்னும் யாராவது தூக்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று ஒரு நப்பாசை. கண்ணை லேசாகத் திறந்தேன்.

கோயில் முழுவதும் கை. ஞானப்பூவின் கை. லேஸ்காரப் பெண்களின் கை. உபதேசியார் பெண்சாதியின் கை, வளையல் முழங்கைக்கு இறங்கியிருந்தது. முன் பாயில் எங்கள் அம்மையின் கை. அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடி, தான் ஒருத்தி மட்டும் பாவி என்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள்.

லீதியாளின் இரண்டு கையும் மடியில் இருந்தன. அம்மை வீட்டுப் பை ஏன் நிறைந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அம்மை போடாமல் விட்டதை அவள் தன் பங்குச் சோற்றுக்குள்ள அரிசியிலிருந்து போட்டிருக்கிறாள். அந்த வருஷம் அவள் கன்னம் ஒட்டிப்போனது படிப்பால் என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உபதேசியார் ஒவ்வொரு பாயாகப் பார்த்து முடித்தார். பிறகு, “கையை இறக்குங்க. கண்ணைத் திறங்க,” என்றார். “கொஞ்சம் பேரு இருக்காங்க. கர்த்தர் மன்னிப்பாரு.”

கொஞ்சம் பேர்! அந்த நல்ல மனுஷர் கோயிலில் நின்று சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மறுநாள் அவர் முதலாளியிடம் ஓடினார். வண்டி திருவட்டாறு வழிக்குப் போய்விட்டது. அங்கே வழி நெடுக ஆள் கை காட்டி நிற்கிறதாம். எட்டுக்குப் பதில் பன்னிரண்டுக்கு உறுதி சொல்கிறேன் என்றுகூட இவர் கெஞ்சியிருக்கிறார். நான் பொன்னம்மையின் வீட்டுக்குப் போய், இனி எல்லாரும் ஏறலாம் என்று சொன்னேன். “எதுல ஏறணும் பிள்ளே?” என்று கேட்டாள்.

எல்லாரும் ஒரு பிடி போட்டிருந்தால் பஸ் ஓடியிருக்கும். எல்லாரும் போடாவிட்டால் ஓடாது. ஒருத்தி போட்டால் என்ன, விட்டால் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தோன்றுவதுதான் இதில் உள்ள வினை. அதற்கு மருந்து என்ன என்று இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது லீதியாள் என்னோடு நடந்தாள்.

“யாரெல்லாம் கை தூக்கினா தெரியுமா எக்கா?”

“நான் கண்ணை மூடில்லா இருந்தேன்.”

“நீ தூக்கல்லியே?”

“நானா? என்ன கேள்வி கேக்கிய?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும். நீ போட்டிருப்ப. ஞானப்பூ அத்தையாத்தான் இருக்கும்.”

நான் அவள் கையை விடாமல் நடந்தேன்.

அவள் பரீட்சை எழுதவில்லை. மறு தையில் கல்யாணமாயிற்று. நாலு பிள்ளைகள். ஞானப்பூவோடு அவள் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஞானப்பூ சாகும்வரைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள், “நான் அந்தப் பிள்ளைக்கு என்ன தீங்கு செஞ்சேன் சாராளே?” என்று. அடக்கத்துக்கும் லீதியாள் வரவில்லை.

இப்போது அவள் நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறாள். வாசலிலேயே பஸ் ஸ்டாப். நிமிஷத்துக்கு ஒரு வண்டி. அவளுக்குத்தான் போவதற்கு இடமில்லை. இந்தப் பத்திரிகையை வாரா வாரம் காசு கொடுத்து வாங்குகிறாள், கண்ணாடி போட்டு நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். ‘எக்கா, நீ படிக்காமலே இப்படி எழுதுகிறாயே’ என்று போன மாசம் கார்டு போட்டிருந்தாள்.

ஞானப்பூவும் தூக்கினாள் லீதியா, உன்னைத் தவிர எல்லாரும் தூக்கினோம். நான் தூக்கியது வலது கை. இடது கையைத்தான் நீ பிடித்துக்கொண்டு வந்தாய்.